பின்னேரப் படங்கள்

ஜெஞ்சாரோம்
12 ஜூலை 2025, சனிக்கிழமை

ஜனகா,

உறை கொஞ்சம் தடித்திருப்பதைப் பார்த்து நான் பணக்காரியாகி ஏதோ அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்துவிடாதே. உள்ளே மூன்று படங்கள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

உன் கைப்பேசியை ஆன்டி வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டதாக உன் வகுப்பு ஷாமினி சொன்னாள். அறிவியலில் அந்த மதிப்பெண் வாங்கினால் என் அம்மாவும் அதைத்தான் செய்திருப்பார். ஆன்டியின் எண்ணுக்கு அழைக்கலாம்தான். ஆனால் போன முறை அழைத்தபோது அவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னது உனக்குக் கேட்டதோ இல்லையோ, வெங்காயத்துக்கு நன்றாகக் கேட்டது. ஆகவே கடிதம்.

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸை விட்டு இங்கே வந்த முதல் மாதம் எனக்கு இந்த வீடு பிடிக்கவேயில்லை. சுற்றிலும் செம்பனைத் தோட்டம். பக்கத்து வீட்டுக்கே சைக்கிளில் போக வேண்டும். அப்பாவுக்கு மட்டும் வேலை பக்கம். தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் கொஞ்ச நேரம்தான். ஐந்தரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறார். அங்கே இருந்தபோது அவர் வரும்போது நான் தூங்கியிருப்பேன், உனக்குத் தெரியுமே.

பிறகு ஒருநாள் எதிரே இருந்த பழைய செம்பனை மரங்களையெல்லாம் மறுநடவுக்காகச் சாய்த்துவிட்டார்கள். மறுநாள் கதவைத் திறந்தால் எதிரே ஒன்றுமில்லை, வானம்தான் இருந்தது. அவ்வளவு வானத்தை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. புதுக் கன்றுகள் வளர்ந்து மறைக்கும்வரை அது எங்களுடையது.

பெரியம்மா மகன் பிரவின் அண்ணன் புதுக் கேமரா வாங்கியதால் அவருடைய பழையது எனக்கு வந்தது. பள்ளி இல்லாத நாட்களில் முன்வாசலில் நின்று சூரியன் எழுவதை எடுக்கிறேன். சாயங்காலம் அடுப்படிப் பக்கம் போனால் கடல் இருக்கிற திசையில் மரங்களுக்குப் பின்னால் இறங்குவதையும் எடுக்கலாம். காலையில் ஒவ்வொரு முறையும் இரண்டு எடுப்பேன். வெளிச்சம் வந்தவுடன் ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. இப்போது அனுப்பியிருப்பவை முதலில் எடுத்தவை. ஒவ்வொன்றின் பின்னாலும் விவரம் எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் விடுமுறைக்கு நீ வந்து ஒரு வாரம் தங்க வேண்டும். அம்மா சரி என்றுவிட்டார். ஆன்டியிடம் படங்களைக் காட்டிவிட்டுக் கேள். நல்ல மனநிலையில் இருக்கும்போது கேள்.

தாமரை


பிரிக்பீல்ட்ஸ்
19 ஜூலை

எழுத்தாளர் தாமரை அவர்களுக்கு,

படத்தைத் திருப்பினேன். கட்டுரை. இன்னொன்றைத் திருப்பினேன். இன்னொரு கட்டுரை, அதில் உவமை வேறு. மூன்றாவதில் இடம் போதாமல் ஓரமாகச் சுற்றி எழுதியிருக்கிறாய். படிக்க நான் படத்தை ஸ்டியரிங் மாதிரித் திருப்ப வேண்டியிருந்தது. இனிமேல் பின்னால் ஒரு சொல்கூட எழுதக்கூடாது. இது என் கட்டளை.

படங்கள் நன்றாக இருக்கின்றன. அதை ஒரே தடவைதான் சொல்வேன். எங்கள் வீட்டுக்குச் சூரியன் எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். எதிர்க் கட்டடக் கண்ணாடியில் பட்டு, அவர்கள் ஏர்கோன் பெட்டிகளுக்கு நடுவில் நுழைந்து, பத்து மணிக்கு மேல் என் மேசையில் வந்து விழும். அதற்குள் அது பழையதாகிவிடுகிறது.

அம்மாவிடம் கேட்டேன். இடியாப்பம் நன்றாக வந்த நாளாகப் பார்த்துத்தான் கேட்டேன். அப்படியிருந்தும் காடு என்றார், பாம்பு என்றார், செம்பனைக்குள் பன்றி இருக்கும் என்றார். நான் உன் படங்களை நீட்டினேன். மூன்றையும் பார்த்துவிட்டு, வானம் எல்லா ஊரிலும் இருக்கிறது, வீடு எங்கே, ரோட்டு எங்கே, ஆள் எங்கே என்று கேட்டார். அது நியாயம்தான். வானத்தில் யாரும் தங்கப் போவதில்லை.

ஆகவே இப்படிச் செய். அம்மா பார்க்க நினைப்பது பின்னேரப் படங்களைத்தான். பின்னேரம் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் யோசிப்பாராம். வீடும் ஆட்களும் தெரிகிற மாதிரிப் பார்த்து அனுப்பு.

சீக்கிரம் அனுப்பு. அம்மா அந்த வாரத்துக்கு ஒரு தன்முனைப்பு முகாமை வேறு கண்டுபிடித்து வைத்திருக்கிறார். நாள் முழுதும் நாற்காலியில் உட்கார்ந்து, என்னால் முடியும் என்று கத்த வேண்டும். என்னால் முடியாது.

ஜனகா


ஜெஞ்சாரோம்
27 ஜூலை

ஜனகா,

பின்னேரம் என்ற சொல்லை நீ எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது. நான் எங்கும் படித்ததில்லை. பின், நேரம், சேர்ந்தால் பின்னேரம். முன்னிலை மாதிரி எவ்வளவு அழகாகச் சேர்கிறது பார். பள்ளியில் எங்களைப் போலத்தானே பேசுவாய், வீட்டில் இப்படியெல்லாம் சொல்வீர்களா?

நீ கேட்டபடியே செய்திருக்கிறேன். எல்லாப் படங்களையும் அடுக்கி, முதலில் எடுத்தவற்றை ஒதுக்கிவிட்டு, பிந்திய நேரத்துப் படங்களை மட்டும் எடுத்தேன். ஆன்டி இதைக் கேட்டது சரிதான். அவைதான் நல்லவை. சூரியன் முழுதாக, சிவப்பாக, தரையை ஒட்டி இருக்கிறது. வீடும் மண்ரோடும் தெரிகின்றன. ஆட்கள்கூட இருக்கிறார்கள். ஒன்றில் அப்பாவும் அம்மாவும் மீன் கூடையோடு மோட்டாரில் ஏறிப் பாசாருக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். நான் நிற்கச் சொன்னேன். அம்மா, போற நேரத்துல என்னா படம் என்று திட்டிக்கொண்டே ஹெல்மெட்டைச் சரிசெய்தார். அதனால் முதுகுகள்தான் விழுந்திருக்கின்றன. அவர்கள் போன பிறகு எடுத்ததும் இருக்கிறது. அதில் கதவு, என் செருப்பு, நீளமான என் நிழல்.

ஜெஞ்சாரோம் கடைத்தெருவில் ஒரு சீனர் கடையில் அச்சுப் போட்டேன். கடைக்காரர் படங்களைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார்.

பின்னால் ஒரு சொல்கூட எழுதவில்லை. எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உனக்குத் தெரியாது.

தாமரை


பிரிக்பீல்ட்ஸ்
4 ஆகஸ்ட்

தாமரை,

படங்கள் வந்தன. அம்மா பார்த்தார்.

நான் வரவில்லை. முகாமுக்குப் பெயர் கொடுத்துவிடுவார் போலிருக்கிறது. மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது, ஆனால் அவர் முடிவு செய்துவிட்டால் மாற்றமாட்டார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் அப்பா ஐந்தரைக்கெல்லாம் வீட்டில் இருப்பார் என்று ஏன் எழுதினாய்? நான் அதை அம்மாவிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். இருட்டுகிற நேரத்தில் உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருக்கமாட்டார்கள் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம். நான் வேறு விதமாகக் கேட்டிருப்பேன். இப்போது நான் பொய் சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

உனக்குப் பயமாக இருக்காதா என்றும் நினைத்தேன். அதை நீ எழுதவேயில்லை.

ஜனகா


ஜெஞ்சாரோம்
9 ஆகஸ்ட்

ஜனகா,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாளாகிறது. எப்போதும் அங்கிள் என்று எழுதுகிறவள் இந்தத் தடவை உன் அப்பா என்று எழுதியிருக்கிறாய். அதை நான் கவனிக்காமல் இருக்கமாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் இருட்டுகிற நேரத்தில் யாரும் இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? ஷாமினியா? அவள் இங்கே வந்ததேயில்லை. அப்பா வேலை முடிந்து நேரே வீட்டுக்குத்தான் வருகிறார். இந்த வேலைக்கு அவர் வந்ததே அதற்காகத்தான். அங்கே கடையில் இருந்தபோது சம்பளம் இதைவிடக் கூட. அதை விட்டுவிட்டு வந்தார். அவரைப் பற்றி ஆன்டி அப்படி நினைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நீயும் அதை நம்பி எழுதியது அதைவிடப் பிடிக்கவில்லை.

முகாமுக்கே போய்க் கத்து. உன்னால் முடியும்.


அதே நாள், சாப்பிட்ட பிறகு

மேலே இருப்பதைக் கிழிக்கவில்லை. அந்த நேரத்தில் அது உண்மையாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது வேறு ஒன்று தெரிந்திருக்கிறது.

நான் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா என்னவென்று கேட்டார். உன் கடிதங்களை எடுத்து வந்து மேசையில் வைத்தேன். அம்மா முதலில் ஜூலை மாதக் கடிதத்தைப் படித்தார். பாதியில் நிறுத்தி, பின்னேரம்னா என்னா என்று கேட்டார். பிந்திய நேரம் என்று நான் விளக்கினேன். பிரித்தும் காட்டினேன்.

அப்பா கை கழுவப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். அங்கே கடையில் அவருடைய பழைய முதலாளி சண்முகரத்தினம் ஐயாவை உனக்குத் தெரியும், அவரும் உங்கள் வீட்டில் மாதிரித்தான் பேசுவார். அவரைப் பற்றி அப்பா சொன்னார்:

“பின்னேரம் சாமான் வருது தம்பி, வந்து எறக்குங்கன்னாரு. அப்பறமா வரும்போலன்னு நானும் வீட்டுக்குப் போயிட்டேன். சாயங்காலம் லோரி வந்து நிக்குது, எறக்க ஆளே இல்ல. அன்னைக்கு வாங்கின ஏச்சுல கத்துக்கிட்டேன்லா, பின்னேரம்னா சாயங்காலம்னு.”

அம்மா சிரிக்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் உங்களுக்கு என்ன அனுப்பினேன் என்று அப்போதுதான் புரிந்தது.

ஜனகா, அவையெல்லாம் காலைப் படங்கள். ஒன்றுகூடச் சாயங்காலம் எடுத்ததில்லை. அப்பாவும் அம்மாவும் மோட்டாரில் போவது சனிக்கிழமை காலை. அப்பாவுக்குச் சனிக்கிழமை அரை நாள் வேலை. போகிற வழியில் அம்மாவைக் காலைப் பாசாரில் இறக்கிவிடுவார். அம்மா மீன் வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ஆன்டியின் காரில் திரும்பிவிடுவார். நான் தனியாக இருப்பது அவ்வளவு நேரம்தான், அதுவும் பட்டப்பகலில்.

முன்னால் எழுதிய கோபத்தில் ஷாமினி பங்கை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மீதியைப் பற்றி நீ பதில் எழுதினால் யோசிக்கிறேன்.

தாமரை


பிரிக்பீல்ட்ஸ்
15 ஆகஸ்ட்

தாமரை,

முதலில் மன்னிப்பு. அங்கிளிடமும் சொல். அவரை உன் அப்பா என்று எழுதும்போது எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. நான் சிணுங்கிக்கொண்டு எழுதினேன்.

அடுத்தது சிரிப்பு. பின்னேரம் என்பதற்கு இலக்கணம் எழுதியவள் உலகத்தில் நீ ஒருத்திதான். உன் அந்தக் கடிதத்தை முதலில் படித்தபோது, இவள் வழக்கம்போல ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறாள் என்று தாண்டிப் போய்விட்டேன். அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். எனக்கு அது எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டுச் சொல் என்றே தெரியாது. எல்லோரும் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கு இங்கே என்ன நடந்தது என்று சொல்கிறேன், அம்மாமீது உனக்குக் கோபம் இருக்கக்கூடாது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த மோட்டார் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு உன் செருப்பும் நிழலும் இருந்த படத்தைப் பார்த்தார்.

“பொழுதுபடத் தாயும் தகப்பனும் வெளிக்கிட்டுப் போகினம். அந்தப் பிள்ளை தனிய நிண்டு படம் எடுக்குது. பாவம்.”

என்னை அனுப்ப மறுத்தது அப்புறம்தான். முதலில் அவர் உனக்காகத்தான் வருத்தப்பட்டார்.

இப்போது கெட்ட செய்தி. உன் கடிதத்தைக் கொண்டுபோய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. படம் பின்னேரம் மாதிரித்தான் இருக்கிறதாம். இப்ப அப்பிடித்தான் சொல்லுவினம் என்றார். நான் படத்தை வெளிச்சத்தில் பிடித்தேன், தலைகீழாகப் பிடித்தேன், அப்பாவைக் கூப்பிட்டு இது காலையா பின்னேரமா என்று கேட்டேன். அவர் படத்தைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னேரம் என்றார்.

இந்தச் சூரியன் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்ட ஏதாவது வழி இருக்கிறதா? நீதான் புத்தகமெல்லாம் படிக்கிறாய். மாதக் கடைசிக்குள் வேண்டும்.

ஜனகா


ஜெஞ்சாரோம்
23 ஆகஸ்ட்

ஜனகா,

அப்பாவிடம் சொன்னேன். புள்ளங்க சண்டையில நான் எதுக்கு என்றார். ஆனால் உன் கடிதத்தில் மன்னிப்பு என்று இருந்த இடத்தை என்னைத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

வழி தேடினேன். பள்ளி நூலகத்தில் வானம் பற்றிய புத்தகங்களைப் பார்த்தேன். காலைக் காற்று சுத்தமாக இருக்கும், சாயங்காலம் தூசு அதிகமாகி வானம் சிவக்கும் என்று ஒன்றில் இருந்தது. இங்கே இரண்டு வேளையும் ஒரே புகைமூட்டம். கிழக்கு மேற்கு என்று திசையைக் காட்டலாம் என்றால், இங்கே வந்திராத ஆன்டிக்கு எது கிழக்கு என்று எப்படித் தெரியும்? பிறகு காலையில் நிறைய எடுத்தேன், சாயங்காலமும் நிறைய எடுத்தேன். அச்சுப் போட்டு வந்து தரையில் பரப்பினேன். மின்விசிறி எல்லாவற்றையும் கலைத்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை வெட்கத்தோடு சொல்கிறேன். எனக்கே அடையாளம் தெரியவில்லை. வானம் மட்டும் இருந்த படங்களில் பாதியை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். காலை என்றால் ஒரு மாதிரி, மாலை என்றால் ஒரு மாதிரி என்று உனக்கு எவ்வளவு எழுதியிருக்கிறேன். அந்த உவமைகள் எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்தாலும் யாருக்கும் தெரியாது. ஆன்டிமீது இருந்த கொஞ்ச நஞ்சக் கோபமும் அப்போது போய்விட்டது. நானே ஏமாறுகிற படத்தில் அவர் ஏமாந்தது தப்பா?

அம்மா வீடு கூட்ட வந்தார். சூரியன வச்சிக்கிட்டு என்னா செய்யப் போற, அதுக்கு மூஞ்சியா இருக்கு என்று கேட்டுவிட்டுப் படங்களை ஒதுக்கிக் கூட்டினார்.

நான் அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். இன்று காலை அம்மாவை எழுப்பிக் கேமராவைக் கையில் கொடுத்து, வெட்டவெளிப் பக்கம் போய் நின்று, சூரியனுக்கு முதுகைக் காட்டி வீட்டைப் பார்த்து எடுக்கச் சொன்னேன். தலைசீவ அம்மா நேரம் தரவில்லை. நானும் கேட்கவில்லை. சாயங்காலம் பின்பக்கத்தில் நானே எடுத்தேன், அதேபோல் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இருட்டுவதற்குள் சீனர் கடைக்கு ஓடிப்போய் அச்சும் போட்டுவிட்டேன். அப்பாதான் கூட்டிப்போனார், முணுமுணுத்துக்கொண்டே.

இரண்டு படங்கள் வைத்திருக்கிறேன். இரண்டிலும் சூரியன் இல்லை. எது எது என்று நான் சொல்லப் போவதில்லை. காலைப் படத்தை மட்டும் பள்ளியில் யாருக்கும் காட்டாதே, ஷாமினிக்கு நிச்சயமாகக் காட்டாதே.

இதுவும் பலிக்காவிட்டால் முகாமுக்குப் போ. நான் கோபிக்கமாட்டேன். கொஞ்சம் அழுவேன், அவ்வளவுதான்.

தாமரை


பிரிக்பீல்ட்ஸ்
1 செப்டம்பர்

தாமரை,

உன் உறை வியாழக்கிழமை வந்தது. அம்மா முகாம்காரர்களுக்கு அழைக்கக் கைப்பேசியை எடுத்து வைத்திருந்தார். நான் இரண்டு படங்களையும் அவர் முன்னால் வைத்துவிட்டு, சோற்றுப் பானையைக் கழுவுகிறவள் மாதிரி நின்றேன். ஏற்கெனவே கழுவிய பானை.

முதல் படத்தை எடுத்த உடனேயே அம்மாவின் தோள் குலுங்கியது. நான் எட்டிப் பார்த்தேன். தாமரை, உன்னை எனக்கு ஏழு வயதிலிருந்து தெரியும், ஆனால் அந்தக் கோலத்தில் பார்த்ததில்லை. ஒரு பக்கத் தலைமுடி நட்டுக்கொண்டு நிற்கிறது. ஒரு கண்தான் திறந்திருக்கிறது. பின்னால் அங்கிள் பழைய சட்டையால் மோட்டார் சீட்டில் பனியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். வெளிச்சம் அந்தப் பழைய படத்தில் இருந்த அதே சிவப்பு.

“கன்னத்திலை தலகாணி வரி கிடக்கு. பிள்ளை பல்லும் தீட்டேல்லை. இது விடியத்தான்.”

பிறகு அந்த மோட்டார் படத்தைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஓம், அதே வெளிச்சம், நான்தான் பிழையாய்ப் பார்த்திட்டன் என்றார். என் அம்மா அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை போல, பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

ஆனால் முடிவு செய்தது இரண்டாவது படம்தான். நீ அதில் இல்லை. அங்கிள் கைலியோடு வாங்குப் பலகையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். காலில் எண்ணெய். ஆன்டி கீழே உட்கார்ந்து பயற்றங்காய் உடைக்கிறார், முகத்தில் பவுடர் பளிச்சென்று இருக்கிறது. ரேடியோவோ என்னவோ, இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துச் சிரிக்கிறார்கள். அம்மா அதைச் சிரிக்காமல் பார்த்தார். என் அப்பா இரவு வேலைக்குப் போகிற நாட்களில் எங்கள் வீடு அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். டிவி சத்தம் மட்டும் இருக்கும்.

“காலிலை எண்ணெய் பூசின மனுசன் இனி வெளியிலை போற ஆள் இல்லை.”

அவ்வளவுதான் சொன்னார். கைப்பேசியை மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். முகாம்காரர்களுக்கு யாரும் அழைக்கவில்லை. நான் அந்தப் பானையை இன்னொரு தடவை கழுவினேன், சந்தோஷத்தில்.

நேற்று அம்மா அப்பாவிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தார். ஜெஞ்சாரோம் வழியாகப் பன்டிங் போகிற பஸ்ஸா, காரா என்று. கார்தான் என்று முடிவாகியிருக்கிறது. நான் பஸ்ஸில் தனியாக வருவேன் என்றேன். நீ தனியப் போனால் நான் எப்பிடி வாறது என்று கேட்டார். எனக்கு முதலில் விளங்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை வருகிறோம். அப்பா விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார், அவருக்கு வேலை. ஆன்டியிடம் சொல்லி இரண்டு பாய் போடச் சொல். அம்மாவைக் கேட்டால் ஒரு இரவுதான் என்கிறார். ஆனால் அவர் பையில் நான்கு சேலை மடித்து வைத்திருப்பதை நான் பார்த்துவிட்டேன்.

ஜனகா